காவலற்ற நீர்

பொருள்கள் இருவகைப்படும். மாந்தர் தம் உழைப்பால் ஆக்கிக்கொள்வன ஒருவகை. ஆக்க இயலாமல் பெற்றுக்கொள்வன மற்றொரு வகை. ஆக்கிய பொருளின்மேல் ஆக்கியவனுக்குள்ள உரிமையை எந்நாட்டு நெறியும் மறுப்பதில்லை. அவன் அதை விற்கலாம், கொடுக்கலாம், வீணாக்கினாலும் இழப்பு அவனுடையதே. பெற்ற பொருளின் நிலை அத்தகையதன்று. முன்னோர் கையிலிருந்து வந்து பின்னோர் கைக்குப் போகவேண்டிய அதனிடத்தில், இடையில் நிற்கும் தலைமுறைக்கு உள்ளவை துய்க்கும் உரிமையும், அவ்வுரிமையினின்று பிரிக்கவொண்ணாத காக்கும் கடமையுமே ஆகும். காவாமல் துய்ப்பவன் துய்ப்பது பிறர் பங்கை. நீரைப் பற்றி எழும் வழக்குகள் இரு நாடுகளுக்கிடையே எழுந்தாலும் சரி, ஒரே வாய்க்காலில் பாயும் இரு வயல்களுக்கிடையே எழுந்தாலும் சரி, அவற்றை இந்நெறி கொண்டே எடையிட வேண்டும் என்பது நம் துணிபு.

இந்நெறி தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவன் வெற்றியைப் புகழ்வதோடு அமையாமல், நிலத்தில் நீரைத் தேக்கிவைப்பதை வேந்தனுக்குரிய தலையாய கடனாக எடுத்துரைக்கிறது. போர் வென்று மீண்ட அரசனிடம் நீர்நிலை அமைக்கச் சொல்லும் துணிவு அன்றைய புலவருக்கு இருந்தது. கேட்டிருக்கும் பொறுமை அரசனுக்கும் இருந்திருக்க வேண்டும்.

உலகிலுள்ள நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் உவர்நீர். எஞ்சும் நன்னீர் 2.5 விழுக்காட்டளவே, அதிலும் மூன்றில் இரண்டு பங்கு பனியாக உறைந்து கிடக்கிறது, மீதியில் மிகப்பெரும் பகுதி நிலத்தடியில் உள்ளது. ஆறுகளிலும் ஏரிகளிலும் நம் கண்முன் நிற்பது அந்நன்னீரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இக்கணக்கைப் பள்ளிச் சிறாரும் ஒப்புவிப்பர். ஆயினும் இதிலிருந்து பலர் வந்தடையும் முடிவு பிழையானது. உலகின் நன்னீர் செலவாகித் தீர்ந்துகொண்டே போகிறது என்பது அவர்கள் எண்ணம். கடலும் கதிரவனும் உள்ளவரை மேகமும் மழையும் இல்லாமற் போகா. அருகி வருபவை தூய்மையான நீரும், கைக்கெட்டும் தொலைவில் உள்ள நீரும், வேண்டிய பருவத்தில் வேண்டிய அளவில் கிடைக்கும் நீருமே. இம்மூன்றும் வானத்தைப் பொறுத்தவை மட்டுமல்ல. நிலத்தில் வாழ்வோரின் ஒழுக்கத்தையும் பொறுத்தவை. தூய்மை உறுதிசெய்யப்பட்ட குடிநீர் வாய்க்கப்பெறாதோர் உலகில் ஏறத்தாழ 220 கோடிப் பேர் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2022ஆம் ஆண்டு நிலவரமாகக் கணக்கிட்டுள்ளன. தூய குடிநீர் மாந்தர் உரிமை என்று அதே ஐக்கிய நாடுகளின் பொது அவை 2010 ஜூலை 28 அன்று அறிவித்தது. உரிமை இன்னாருடையது என்று உலகம் கூடிச் சொல்லிவிட்டது. கடமை யாருடையது என்பதை அந்தந்த ஊரும் நாடும்தான் சொல்லியாக வேண்டும்.

2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம், தன் குழாய்களை அடைக்கவேண்டி வரும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கியது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு கட்டினார்கள். மக்கள் அவ்வரம்புக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டதாலும், பின்னர்ப் பெய்த மழையாலும் அந்நாள் வாராமலே போயிற்று. அடுத்த ஆண்டு நம் மாநிலத் தலைநகரின் முறை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் காவிரி நீரைச் சுமந்த தொடர்வண்டி சென்னை வில்லிவாக்கத்தை வந்தடைந்தது. இவ்விரு நகரங்களின் இடுக்கண்களும் உலகச் செய்தி ஆயின. ஆனால் 2019 ஆகஸ்ட் 15 அன்று நடுவண் அரசு அறிவித்த ஜல் ஜீவன் இயக்கம், சிற்றூர்களில் ஓராளுக்கு ஒரு நாளைக்கு வழங்க இலக்காக வைத்துக்கொண்ட அளவு 55 லிட்டர். செல்வம் மிக்க நகரமொன்று பேரிடர்க் காலத்தில் தனக்குத்தானே விதித்துக்கொண்ட அளவினும் ஐந்து லிட்டர் மட்டுமே கூடிய அளவை, நம் சிற்றூர்கள் நற்காலத்தின் எல்லையாக எதிர்நோக்கி நிற்கின்றன. அவ்வியக்கத்தைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அந்த 55 லிட்டர் நாள்தோறும் தவறாமல் வருமாயின் கரிசற் சீமையின் பெண்கள் அதை வாழ்த்தவே செய்வர். இடர் எவருக்கு நேரும்போது உலகம் திரும்பிப் பார்க்கிறது, எவருக்கு நேரும்போது அதை இயல்பென்று கடந்து செல்கிறது என்பதைச் சுட்டவே இவ்விரு எண்களையும் அருகருகே வைத்தோம்.

இனி நம் மாவட்டம். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான தென்காசி மாவட்டத்தின் எட்டு வட்டங்களுள், மேற்கே மலையடியில் இருப்பவை தென்காசியும் செங்கோட்டையும். வடகிழக்கே விருதுநகர் மாவட்டத்தின் எல்லையை ஒட்டிக் கிடப்பது திருவேங்கடம். தென்காசிக்கும் திருவேங்கடத்துக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். அத்தொலைவுக்குள் நிலமும் வானமும் வேறாகி விடுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழுகிறது. பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றால அருவியும் ஆர்ப்பரிக்கின்றன. சிற்றாறும் அனுமன் நதியும் பெருகுகின்றன. குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, இராமநதி, கடனாநதி ஆகிய அணைகள் நீர்பிடிக்கின்றன. அதே ஆடியில் திருவேங்கடத்துக் கரிசலில் வீசுவது, மழையை மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வரும் மேல்காற்று. இங்குள்ள உழவர் புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருப்பர். பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, கம்பு, மக்காச்சோளம் என மானாவாரியில் விளைவன விளைந்தால் உண்டு. விளையாத ஆண்டுகளில் தீப்பெட்டி ஆலைகளே குடும்பங்களைத் தாங்குகின்றன.

குற்றாலத்தில் வழியும் நீர் திருவேங்கடத்துக்கு இயல்பாக ஓடிவராது. சிற்றாறு கிழக்கே சென்று சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. திருவேங்கடம் வட்டமோ வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தது. வைப்பாற்றை நோக்கிச் செல்லும் நிட்சேப நதி, மழை பெய்த சில நாள்களுக்கே ஆறு. மற்ற நாள்களில் மணற்றடம். ஆகவே கரிசல் ஊர்கள் குளத்தையும் ஊருணியையும் கிணற்றையும் நம்பி வாழ்ந்தன. அவை கைவிட்டபின், தாமிரபரணியிலிருந்து நெடுந்தொலைவு குழாய்வழி வரும் கூட்டுக் குடிநீரை எதிர்பார்த்து நிற்கும் ஊர்கள் பலவாயின. இவ்வாறு இயற்கை பிரித்து வைத்த இரு படுகைகளைக் குழாய் ஒன்றாக்கி விட்டது. மேற்கே மலையடியில் ஆற்றுக்கு இழைக்கப்படும் தீங்கு, அந்த ஆற்றையே பாராத கரிசல் ஊரின் குடத்துக்கு வந்து சேர்கிறது. தலைமடைக்காரன் வாய்க்காலில் செய்வதன் பயனைக் கடைமடைக்காரன் வயல் சொல்லும் என்பது உழவர் அறிந்தது. அவ்வுறவு இன்று மாவட்டத்தின் இரு முனைகளுக்கும் இடையே ஏற்பட்டிருக்கிறது. ஏற்பட்டிருப்பதை மேல்முனை இன்னும் உணரவில்லை.

இம்மாவட்டத்தின் தலைநகரான தென்காசியிலேயே, காத்தல் என்னும் கடமையைப் பற்றி எந்நூலும் சொல்லாத அளவுக்குத் தெளிவாகச் சொன்ன கல்வெட்டு ஒன்று உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், தான் கட்டியதன் பெருமையை மட்டும் கல்லில் எழுதி நிறுத்திக்கொள்ளவில்லை. அக்கோயிலுக்கு வருங்காலத்தில் ஏதேனும் குறை நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைப் பணிவதாக எழுதி வைத்தான். முடிதரித்த மன்னன், இன்னும் பிறவாத கொத்தனையும் தச்சனையும் வணங்குகிறான். அதில் தன்னடக்கம் மட்டும் இல்லை; ஆழ்ந்த அரசியல் அறிவும் இருக்கிறது. கட்டுவோனுக்குப் புகழ் தானே வரும். காப்போனுக்கு அது வாராது என்பதும், புகழில்லாத வேலையை எவரும் விரும்பி மேற்கொள்ளார் என்பதும், ஆகவே காப்போனுக்குரிய சிறப்பைக் கட்டுவோனே முன்கூட்டிச் செய்துவைக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தன. அவன் அஞ்சியதும் நடந்தது, வேண்டியதும் நடந்தது. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்றபின், 1990ஆம் ஆண்டில் மக்கள் அதை மீண்டும் விண்ணளாவ எழுப்பிக் குடமுழுக்குச் செய்தனர்.

கோபுரத்துக்குக் கிடைத்த அந்தக் காவல் நீர்நிலைகளுக்குக் கிடைக்கவில்லை. அதற்குச் செண்பகவல்லித் தடுப்பணையே சான்று. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், இன்று கேரள எல்லைக்குள் அமைந்திருக்கும் அவ்வணை, மேற்கே ஓடும் நீரின் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பி, சிவகிரி, வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து நிலங்களை நோக்கி அனுப்புவதற்காகக் கட்டப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் சிவகிரி ஜமீனும் திருவிதாங்கூர் அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின் பயன் அது என்பர். பொறிகளும் ஊர்திகளும் இல்லாத காலத்தில், ஓர் அரசும் ஒரு சிறு பாளையமும் காட்டுக்குள் கல்லடுக்கி நீரைப் பங்கிட்டுக்கொள்ள முடிந்திருக்கிறது. கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் உடைப்பெடுத்த அத்தடுப்பணையை, ஒரே அரசியல் சட்டத்தின்கீழ் வாழும் இரு மாநிலங்களால் இன்றுவரை செப்பனிட முடியவில்லை. தமிழ்நாடு தன் பங்குத் தொகையைச் செலுத்தியதும், பின்னர் அது திரும்பி வந்ததும் உழவர் சங்கங்களின் முறையீடுகளில் ஆண்டுதோறும் இடம்பெறும் வரலாறு.

கேரளத்தின் கவலைகளைப் பொருட்படுத்த வேண்டா என்று நாம் சொல்லவில்லை. காடு காக்கப்பட வேண்டும். அங்குள்ள ஆறும் ஓட வேண்டும். ஆனால் அங்குப் புதிய அணையொன்றை எவரும் கேட்கவில்லை. இருந்ததன் உடைப்பை அடைக்கவே கேட்கின்றனர். முல்லைப் பெரியாறு பற்றி இரு தரப்பும் ஓங்கிய குரலில் பேசிக்கொண்டிருப்பதால், இச்சிறு அணையைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசித் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு ஒவ்வோராண்டும் நழுவுகிறது. பெரிய வழக்கின் நிழலில் சிறிய வழக்கு கருகிப்போவது நீதியன்று.

அண்டை மாநிலத்தைச் சுட்டும் விரல், நம் எல்லைக்குள் நம் கைக்கெட்டும் தொலைவில் கிடக்கும் குளங்களையும் சுட்டியாக வேண்டும். தமிழ்நாட்டின் ஏரி, குளம், கண்மாய்கள் ஏறத்தாழ 39,000 என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் எண்ணிக்கை. ஒவ்வொரு குளத்துக்கும் கரையும் மடையும் மறுகாலும் வரத்துக் காலும் உண்டு. இவை நான்கில் ஒன்று பழுதானாலும் ஏனைய மூன்றும் பயனற்றுப்போகும். ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்தின் வரத்தாகும்படி சங்கிலியாக அமைத்த அறிவை வியந்து எழுதாதவர் இல்லை. வியப்பவர் பலர்; வரத்துக் காலில் மண்வெட்டி வைப்பவர் சிலர். ஊரார் கூடி நீர்நிலைகளைப் பேணும் குடிமராமத்து என்னும் முறை தளர்ந்துவிட்டதைக் கண்டு, அதைச் சட்டத்தின் வலுவால் நிலைநிறுத்தச் சென்னை மாகாணத்துக்கென 1858ஆம் ஆண்டிலேயே கட்டாய உழைப்புச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அப்பழைய முறையைப் பொற்காலமாகப் போற்றுவதும் நமக்கு உடன்பாடன்று. மண் சுமந்த தோள்கள் பலவற்றுக்கு அக்குளத்து நீர் பாயும் வயல் இருந்ததில்லை; ஊருணியில் இறங்கவே சிலருக்கு உரிமை மறுக்கப்பட்டது. நாம் மீட்க விரும்புவது, இந்த நீர் நம்முடையது, ஆகவே இதன் பழுதும் நம்முடையது என்ற பொறுப்பை மட்டுமே. 2017இல் அரசு அப்பெயரையே தன் திட்டமொன்றுக்குச் சூட்டித் தூர்வாரும் பணிகளை நடத்தியது. பெயர் மீண்டது, ஒருமுறை வாரிய குளத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் பேணும் ஏற்பாடு மீளவில்லை.

குளங்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலத்தின் கதையும் இதுவே. இவ்வட்டாரத்துக் கலிங்கப்பட்டியைச் சேர்ந்த வைகோ தொடுத்த வழக்கில், அம்மரங்களை அகற்றுமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆணையிட்டது. அதே ஆண்டில் அவ்வாணை நிறுத்தியும் வைக்கப்பட்டது. அம்மரத்தின் நன்மை தீமைகளை அறிஞர் ஆராயட்டும். குளத்துக்குள் நிற்கும் மரத்தை வெட்டி, வேரை விட்டுவிட்டால், அடுத்த மழைக்கே அது முன்னினும் அடர்ந்து துளிர்க்கும் என்பதை அறிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடும் வேலை எதுவும் நீர்நிலையில் நிலைப்பதில்லை.

குளம் கைவிட்டபோது உழவன் கிணற்றை ஆழப்படுத்தினான். கிணறு கைவிட்டபோது ஆழ்துளையிட்டான். அவனைப் பழிப்பது எளிது. ஆயினும் அவனுக்கு முன்னே வேறு வழி எதையும் எவரும் திறந்து வைக்கவில்லை. ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நிலத்தடி நீரில், நாடு தழுவிய அளவில் அறுபது விழுக்காட்டை ஒட்டியும், தமிழ்நாட்டில் எழுபது விழுக்காட்டுக்கு மேலும் எடுக்கப்படுவதாக நடுவண் நிலத்தடி நீர் வாரியத்தின் அண்மைக்கால மதிப்பீடுகள் கூறுகின்றன. அவ்வளவும் சராசரி. சராசரியில் ஈரமான மாவட்டமும் காய்ந்த மாவட்டமும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. இதற்கொரு சட்டம் இருந்தது. 2003ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம், ஒருநாளும் நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. பிறந்ததும் அறியாமல் இறந்ததும் அறியாமல் ஒரு சட்டம் பத்தாண்டுகள் ஏட்டில் கிடந்தது. அதே 2003இல்தான், கட்டடம்தோறும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு கெடு விதித்து, அதைச் செய்தும் காட்டியது. செய்ய வேண்டும் என்ற உறுதி இருந்தபோது சில திங்களில் மாநிலம் முழுவதும் செய்ய முடிந்தது என்பதற்கு அது முன்னுதாரணம். பின்னர் அக்குழிகளைத் தூர்வாரவும் குழாய்களின் அடைப்பை நீக்கவும் ஆளில்லாமல், பல வீடுகளில் அவ்வமைப்பு பெயரளவில் நிற்கிறது என்பதும் அதனோடு சேர்த்துச் சொல்லவேண்டிய செய்தி.

மழையே இல்லை, நாம் என்செய்வோம் என்று கேட்பாருக்கு 2023 டிசம்பர் விடை சொல்லும். அம்மாதம் 17, 18ஆம் நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரையுடைத்தது, குளங்கள் பல உடைப்பெடுத்தன, உயிர்களும் வீடுகளும் ஆடுமாடுகளும் போயின. ஓராண்டுக்கு வேண்டிய நீர் ஓரிரு நாளில் வந்து கடலுக்குச் சென்றது. வெப்பம் மிகுந்து வரும் உலகில் மழை இவ்வாறே நெடுநாள் ஒளிந்திருந்து திரண்டு வரும் என்று அறிவியலார் எச்சரிக்கின்றனர். வலுவற்ற கரை, வறட்சியில் நீரை வைத்துக்கொள்ளவும் முடியாது, வெள்ளத்தில் ஊரைக் காக்கவும் முடியாது. பேணாமையின் தண்டனை இருபருவத்திலும் வரும்.

அளவைப் பற்றி இவ்வளவு சொன்னபின், தூய்மையைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏனெனில் அது எவருக்கும் தெரியாததன்று. குற்றால அருவிகளில் எண்ணெய், வழலைக்கட்டி, தலைக்கழுவி முதலியவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடைவிதித்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆகின்றன. தடை இருக்கிறது, சாரல் காலத்தில் நெகிழிப் பைகளும் இருக்கின்றன. அருவியில் நீராடி மகிழ்ந்து ஊர் திரும்புவோருக்கு, தாம் நின்ற பாறையின் அடியில் ஓடும் நீர் சிற்றாறாகிச் சீவலப்பேரியைச் சேர்ந்து பலருக்குக் குடிநீராகிறது என்ற நினைவு இருப்பதில்லை. ஆற்றங்கரை ஊர்களின் கழிவுநீர் வேறு கலக்கிறது. ஒரு லிட்டர் நீரை அழுக்காக்குவது, ஒரு லிட்டரை ஒருவர் வாயிலிருந்து பறிப்பதற்கு நிகர். பறிகொடுப்பவர் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் பறித்தவருக்குக் கூச்சம் உண்டாவதில்லை. கரிசல் ஊரில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு குழாயடிக்கும், குழாய் வாராத நாளில் விலைக்கு விற்கும் வண்டிக்கும் அலைவது பெண்கள். அவர்கள் கூலியிழந்த நாள்களை எந்த நீர்க்கொள்கையும் இதுவரை கணக்கில் எழுதியதில்லை.

எவருக்கு முதலில் என்ற வினாவையும் ஒதுக்க இயலாது. 1987, 2002ஆம் ஆண்டுகளின் தேசிய நீர்க் கொள்கைகள் குடிநீருக்கே முதலிடம் தந்தன. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணி நீர் வழங்குவதை மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலமாகத் தடுத்தது. 2017 மார்ச்சில் அவ்வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை மதிக்கிறோம். ஆயினும் கொள்கை ஏட்டில் எழுதிய வரிசை, கோடைக்காலத்தில் ஆற்றங்கரையில் எவ்வாறு காக்கப்படுகிறது, எந்த மாதத்தில் எந்த ஆலைக்கு எவ்வளவு நீர் போயிற்று, அதே மாதத்தில் எந்த ஊர்க் குழாய் எத்தனை நாள் வறண்டது என்பதை மக்கள் முன் வைக்கும் கடப்பாடு அரசுக்கு உண்டு. தீர்ப்பு அக்கடப்பாட்டை நீக்கிவிடவில்லை.

ஆகவே நாம் வேண்டுவன பெரிய திட்டங்கள் அல்ல. புதிய அணை, புதிய குழாய், புதிய அடிக்கல் என்பவற்றைக் கேட்க ஆள்கள் இருக்கின்றனர். வாக்களிக்கவும் ஆள்கள் இருக்கின்றனர். ஒவ்வொரு நீர்த்திட்டத்துக்கும் கட்டும் செலவை ஒதுக்கும்போதே, அதைப் பேணும் செலவையும் ஆண்டுவாரியாக ஒதுக்கி, பிறவற்றுக்கு மாற்றவொண்ணாதவாறு தனிக்கணக்கில் வைக்க வேண்டும். மடை திறந்து அடைத்து, கரை காத்து, நீரைப் பங்கிட்டுத் தரும் நீர்ப்பாய்ச்சிகள் ஊர்தோறும் இருந்தனர். அவ்வேலையைப் பிறப்போடு கட்டாமல், ஊதியமும் மதிப்பும் உள்ள பணியாக மீண்டும் அமைக்க வேண்டும். நிலத்தடி நீருக்கென்று, சிறு உழவரை வாட்டாமலும் நீர் விற்போரை விடாமலும் பிடிக்கும் சட்டமொன்றைப் பேரவை மீண்டும் இயற்ற வேண்டும். குளத்து வண்டலை உழவரும் குயவரும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள அரசு இசைந்திருப்பது நன்று. வண்டலின் பெயரால் சரளைமண் போகாதவாறு பார்த்துக்கொள்வது வட்டாட்சியரின் பொறுப்பு. செண்பகவல்லியின் உடைப்பைப் பற்றி மட்டும் பேசுவதற்கு இரு மாநிலப் பொறியாளர்களும் ஒரு மேசையில் அமர வேண்டும். வேறு எந்த வழக்கையும் அம்மேசைமேல் வைக்கலாகாது.

இவற்றுள் சில சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் முடிவாக வேண்டியவை, காலம் எடுக்கும். காலம் எடுக்காத ஒன்று இங்கேயே உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறுமுறை கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. அன்று உறுதிமொழி எடுத்துக் கலைவதற்கு மாறாக, திருவேங்கடம் வட்டாரத்துக் குருவிகுளம் ஒன்றியத்தின் ஒவ்வோர் ஊராட்சியும் தன் எல்லைக்குள் உள்ள குளங்களின் பெயரையும் பரப்பையும், கரை, மடை, மறுகால், வரத்துக் கால் ஆகியவற்றின் அன்றைய நிலையையும், அவ்வாண்டில் அக்குளத்துக்கென்று செலவான தொகையையும் ஒரு பதிவேட்டில் எழுதிச் சபையில் படிக்க வேண்டும். பேரூராட்சியாகிய திருவேங்கடம் தன் பகுதி சபைகளில் அதையே செய்யலாம். மலையடி ஊராட்சிகளும் இதற்கு விலக்கல்ல. அவர்கள் பதிவேட்டில், தம் ஊர்க் கழிவுநீர் எங்கே சென்று சேர்கிறது என்ற கூடுதல் பத்தி ஒன்று இருக்க வேண்டும். படித்தவற்றை மாவட்ட ஆட்சியர் தொகுத்து, புரட்டாசி விதைப்புக்கு முன்னரே வெளியிடட்டும். ஐப்பசி மழை வருமுன் எந்தக் கரையை முதலில் வலுப்படுத்துவது என்பதை அத்தொகுப்பைக் கொண்டே முடிவு செய்யட்டும்.